தபால் பெட்டியில் அப்பா பெயர்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவில் இருக்கிறேன். இங்கே எனக்கு வரும் அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் என் அப்பா பெயருக்குத்தான் வருகின்றன. முதலில் 'மதாம்' (திருமதி), அடுத்துப் பெரிய எழுத்தில் அப்பா பெயர், அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு என் பெயர். காரைக்காலில் மளிகைக் கடை வைத்திருக்கும் மனிதருக்கு ரெயூனியனில் மதாம் பட்டம் கிடைத்திருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பெயரால் நான் பட்ட பாட்டை மட்டும் சொல்லவில்லை. பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை அலைய விட்டுவிட்டார்களே என்று அங்கே உட்கார்ந்து மருகுவார்.

நான் வந்தது 2023 செப்டம்பரில். கணவர் இரண்டு ஆண்டு முன்பே வந்து, சேன்-ஆந்த்ரே ஊரில் கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். குறைந்தபட்ச ஊதியம். அவருடைய தாத்தா சொல்தா. புதுச்சேரி, காரைக்கால்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வழியில் கணவர் பிரெஞ்சுக் குடிமகன். நான் இந்தியப் பாஸ்போர்ட்டில், மனைவி விசாவில் வந்தவள். கணவரின் சின்னம்மா தன் வீட்டில் ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார். எனக்கு அவர் அத்தை.

நவம்பர் கடைசியில் நாள் தள்ளிப் போயிற்று. அத்தை சர்க்கரை எடுத்து என் வாயில் போட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "செக்யூவில் உன் பெயர் ஏறிவிட்டதா?"

செக்யூ என்பது இங்கே எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். அரசாங்க மருத்துவக் காப்பீடு, அதை நடத்தும் அலுவலகம், இரண்டுக்கும் அதே பெயர்தான். என் மனக்கணக்கு எளிதாக இருந்தது. கணவரிடம் கார்த் வித்தால் என்ற பச்சை அட்டை இருக்கிறது, மனைவி என்று என்னையும் அதில் சேர்த்துவிடுவார்கள். அத்தை வந்த காலத்தில் அப்படித்தான் நடந்ததாம். இப்போது அந்த வழக்கம் இல்லை. 2016 ஜனவரி 1 முதல் வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் பதிவு. வேலை பார்ப்பவருக்கு வேலையின் பேரில். வேலை இல்லாதவருக்கு, சட்டப்படி இங்கே நிலையாகக் குடியிருக்கிறார் என்ற பேரில். நிலையாக என்றால் பொதுவாகத் தொடர்ந்து மூன்று மாதம். பிள்ளைகள் மட்டுமே பெற்றோர் அட்டையில் ஏறுவார்கள். மனைவி என்பதால் கணவரோடு சேர்த்து வைத்து விடுவார்கள் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அவள் பெயரில் அவளே விண்ணப்பம் போட வேண்டும். டிசம்பரில் போட்டேன்.

அதுவரை மருத்துவம்? பக்கத்து வீட்டில் ஒரு க்ராமூன் இருந்தார். வயதானவர்களைக் கிரியோலில், அதாவது இந்தத் தீவின் பேச்சுமொழியில், அப்படித்தான் சொல்வார்கள். மல்பார், அதாவது தமிழ் வம்சாவளிக் கிழவி; முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவர் வீட்டுத் தபால் பெட்டியில் எழுதியிருக்கும் குடும்பப் பெயர் என் தாத்தா பெயர். முருங்கைக்கீரையை 'ப்ரேத் மூரும்' என்று சொல்லி ஒரு கட்டு கொடுப்பார். அவர்தான், "பே-எம்-இக்குப் போ, அங்கே எந்த அட்டையும் கேட்க மாட்டார்கள்" என்று கையைக் காட்டிச் சொன்னார். தாய் சேய் நல நிலையம் அது. மாவட்ட நிர்வாகம் நடத்துகிறது. காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கர்ப்பிணிக்கும் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கும் அங்கே இலவசம். நாடு, பாஸ்போர்ட், சம்பளம் என்று எதையும் கேட்காமல் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அங்கிருந்த சாஜ்ஃபாம், அதாவது பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி, கிரியோலில் மெதுவாகப் பேசினார். பாதி புரிந்தது, மீதியைக் கணவர் சொன்னார்.

முதல் பரிசோதனையும் கர்ப்பத்தைப் பதிவு செய்வதும் மூன்றாம் மாதம் முடிவதற்குள் நடந்துவிட வேண்டும். பச்சை அட்டை இருந்தால் சாஜ்ஃபாமே கணினியில் அனுப்பிவிடுவார். என்னிடம் இல்லாததால் தாளில் எழுதிக் கொடுத்தார். இளஞ்சிவப்புத் தாள் செக்யூவுக்கு, நீலத் தாள் இரண்டும் குடும்ப உதவித்தொகை தரும் காஃபுக்கு. அனுப்புவதற்கு முன் கணவர் மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தார். அவர் எதையும் படம் எடுப்பார், கடையில் வாங்கிய ரசீதைக்கூட. நான் கேலி செய்வேன். மார்ச் மாதத்துக்குப் பிறகு கேலி செய்வதை விட்டுவிட்டேன்.

முதல் ஸ்கேனை ஜனவரி தொடக்கத்தில் ஒரு தனியார் மையத்தில் எடுத்தோம். கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்கவில்லை. எனக்கு அது பழக்கமில்லை. டாக்டரிடம் விலை கேட்பது நம் ஊரில் ஒரு மாதிரியாகப் பார்க்கப்படும். கையில் இருந்த இரண்டு ஐம்பது யூரோ நோட்டில் ஒன்று அப்படியே போய், இரண்டாவதும் உடைந்தது. அரசாங்கம் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேலே வாங்க அனுமதி உள்ள மையம் அது என்று பிறகுதான் தெரிந்தது. மேலே வாங்கிய தொகையைச் செக்யூ ஒருபோதும் திருப்பித் தராது. தொலைபேசியில் நேரம் வாங்கும்போதே "நிர்ணயித்த கட்டணம்தானா?" என்று கேளுங்கள். கோபிக்க மாட்டார்கள், தினமும் பத்துப் பேர் கேட்கிறார்கள்.

பணம் கட்டியதும் ஒரு சிகிச்சைத் தாள் கொடுத்தார்கள். அதைத் தூக்கிப் போடாமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். அந்த ஆண்டு நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான். இரண்டு ஆண்டு வரை அந்தத் தாளை அனுப்பிப் பணம் கேட்கலாம்.

அடுத்த வாரம் பெலால் புயல். ஜனவரி 15 காலையில் ஊதா எச்சரிக்கை விட்டார்கள். அந்த எச்சரிக்கையில் தீயணைப்புப் படையினர்கூட வெளியே வர மாட்டார்கள். மின்சாரம் போயிற்று, குழாயில் தண்ணீர் நின்றது. நான் வாந்தி எடுத்துக்கொண்டே வாளியில் தண்ணீர் சேமித்தேன். அதன் பிறகு பல வாரம் செக்யூவிலிருந்து ஒரு பதிலும் இல்லை. புயலால் தாமதம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பிப்ரவரி முழுவதும் அந்த ஒரு காரணத்தைச் சொல்லியே ஓட்டினோம். உண்மையில் புயலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மார்ச் முதல் வாரத்தில் நேரம் வாங்கிக்கொண்டு நேரில் போனோம். முகப்பில் இருந்த பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். கடிதம் ஜனவரியிலேயே வந்திருக்கிறது. பிறப்புச் சான்று வேண்டும் என்று கேட்டு, கெடு வைத்து எழுதியிருக்கிறார்கள். 'இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை' என்று தபால்காரர் குறித்துத் திருப்பியனுப்பியிருக்கிறார். பதில் வராததால் கோப்பை மூடிவிட்டார்கள். அந்தப் பெண் கேட்டார்: "பெட்டியில் உன் பெயர் எழுதியிருக்கிறதா?"

எழுதவில்லை. பெட்டியில் இருந்தது அத்தையின் கணவர் பெயர். அவர் இறந்து நான்கு ஆண்டாகிவிட்டது. என் கணவரின் கடிதங்கள் கடை முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. நம் ஊரில் தபால்காரருக்குத் தெருவில் யார் யாருக்குப் பேத்தி என்பது வரை தெரியும். இங்கே அவர் பெட்டியில் உள்ள பெயரைப் பார்ப்பார், இல்லையென்றால் திருப்பிவிடுவார்.

இதில் இன்னொரு முடிச்சும் இருந்தது. கணவர் பெயரை எழுதியிருந்தாலும் பயன்பட்டிருக்காது. பிரான்சில் பெண்ணுக்குச் சட்டப்படியான குடும்பப் பெயர் அவள் பிறந்தபோது உள்ளதுதான். திருமணம் ஆனால் கணவர் பெயரைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் கோப்பு பிறந்த பெயரிலேயே நடக்கும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பா பெயரைப் போட்டோம். ஆகவே ரெயூனியனில் என் குலப்பெயர் அப்பா பெயர். பெட்டியில் இருக்க வேண்டியதும் அதுதான்.

அன்று மாலையே ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியை வெட்டினோம். அழியாத மையில் அப்பா பெயரைப் பிரெஞ்சு எழுத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டில் எழுதினேன். கீழே கணவர் பெயர், அதற்கும் கீழே மாமா பெயர். அத்தை அதை மட்டும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சேன்-ஆந்த்ரே மழைக்குத் தாங்குமா என்று மேலே கண்ணாடி டேப் சுற்றினோம். மறுநாள் தபால்காரர் வண்டியை நிறுத்தி மூடியை வாசித்துப் பார்த்தார், கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

பிறப்புச் சான்றிலும் சிக்கல் இருந்தது. ஊரில் வாங்கியதில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல்தான். பெற்றோர் பெயர் முழுதாக உள்ள சான்று வேண்டும், அதோடு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வேண்டும். தம்பி காரைக்கால் நகராட்சியில் இரண்டு நாள் நின்று வாங்கி அனுப்பினான். வரப்போகிறவர்கள் இதைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். திருமணச் சான்றோடு இதையும் சேர்த்துப் பையில் வையுங்கள், புளி ஊறுகாயைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது.

சான்று சரிபார்க்கப்படும் வரை தற்காலிகக் காப்பீட்டு எண் ஒன்று தருவார்கள். அந்த எண்ணுக்குப் பச்சை அட்டை கிடையாது. ஆனால் காகிதத்தில் ஓர் உரிமைச் சான்று வரும். மருந்துக்கடையிலும் ஆய்வகத்திலும் அது செல்லும். அட்டை வரட்டும் என்று காத்திருந்து மருத்துவம் பார்க்காமல் இருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். தேவையே இல்லாத காத்திருப்பு. எனக்கு நிரந்தர எண் பிள்ளை பிறந்த பிறகுதான் வந்தது. 2-ல் தொடங்குகிறது, பெண் என்பதற்கு அது. பிறகு பிறந்த ஆண்டு, மாதம், அதையடுத்து 99. வெளிநாட்டில் பிறந்தவள் என்று அர்த்தம்.

கோப்பு மறுபடி உயிர்பெற்றபோது டிசம்பர் தேதியையே தொடக்கமாக எடுத்துக்கொண்டார்கள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஜனவரி ஸ்கேன் தாளை அனுப்பினேன். நிர்ணயித்த கட்டணத்தில் 70 சதவீதம் திரும்பி வந்தது. மீதி 30 என் தலையில்.

கர்ப்பிணிக்கு எல்லாச் செலவும் நூற்றுக்கு நூறு செக்யூ ஏற்கும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். கட்டாயப் பரிசோதனைகள் ஏழுக்கும் அது முதலிலிருந்தே உண்மை. மற்றச் செலவுகளுக்கு ஆறாம் மாதம் முதல் நாளிலிருந்து, பிரசவமாகிப் பன்னிரண்டாம் நாள் வரைதான். அதற்கு முன்னால் எடுக்கும் இரண்டு ஸ்கேனுக்கும் 70 சதவீதமே. அந்த முதல் ஐந்து மாதத்தில்தான் ஏழைக் குடும்பத்தின் கை கடிக்கும். அந்த 30 சதவீதத்தை யார் கட்டுவது என்பதற்காகத்தான் துணைக் காப்பீடு.

கணவரின் முதலாளி எடுத்துக் கொடுத்த துணைக் காப்பீடு அவருக்கு மட்டும். என்னைச் சேர்க்கத் தனிப் பணம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கமே தரும் துணைக் காப்பீடு ஒன்று இருக்கிறது. 2019 நவம்பரில் பெயரை மாற்றி, பழைய இரண்டு திட்டங்களை ஒன்றாக்கினார்கள். ஆனால் மருந்துக்கடைப் பெண் முதல் க்ராமூன் வரை இன்னும் 'செ-எம்-யூ' என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றதும் கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. உழைக்கிறவன் எதற்காகப் போய்க் கை நீட்ட வேண்டும் என்றார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே அவருடைய சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். பிடித்தம் உள்ள வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். "இதெல்லாம் மாதாமாதம் யாருக்குக் கொடுக்கிறாய் என்று நினைத்தாய்?" கணவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு மாத வருமானத்தைப் பார்ப்பார்கள். ரெயூனியனில் வரம்பு தாய்நாட்டு பிரான்சைவிட 11.3 சதவீதம் கூடுதல். வெளிநாட்டில் வரும் பணமும் கணக்கில் சேரும். ஊரில் வாடகை வருகிறது என்றால் மறைக்காதீர்கள். எங்களுக்கு வாடகை வருமானம் ஒன்றும் இல்லை. இருந்தும் இலவச வரம்பை மயிரிழையில் தாண்டிவிட்டோம். காரணம் அத்தையின் அறை! வாடகை கொடுக்காமல் குடியிருந்தால் அதற்கும் ஒரு தொகையை வருமானமாகச் சேர்த்துவிடுவார்கள். இதைக் கேட்டு அத்தைக்கு வந்த கோபத்தை விவரிக்க மாட்டேன்.

இலவச வரம்பைத் தாண்டினாலும் கதவு மூடிவிடாது. அதற்கு மேலே இரண்டாவது வரம்பு ஒன்று உண்டு. அதற்குள் இருந்தால் வயதுக்கு ஏற்ப மாதக் கட்டணம். முப்பது வயதுக்குள் இருந்த எனக்கு 8 யூரோ, கணவருக்கு 14. இருபத்திரண்டு யூரோ. இந்த இரண்டாவது வரம்பு தெரியாமல், நமக்குக் கிடைக்காது என்று விண்ணப்பமே போடாத குடும்பங்களை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். படிவத்தைப் பார்த்துப் பயமாக இருந்தால் நகரசபையின் சமூக உதவிப் பிரிவில் உட்கார வைத்து நிரப்பிக் கொடுப்பார்கள். கட்டணம் கட்டச் சம்மதித்துத் தாள் அனுப்பியதற்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வரும். எங்களுக்கு மே 1. அதோடு கணவர் முதலாளியிடம் எழுதிக் கொடுத்து அந்தக் காப்பீட்டிலிருந்து விலகிக்கொண்டார், இது கையில் இருந்தால் அதற்கு அனுமதி உண்டு.

செ-எம்-யூ உள்ளவரிடம் டாக்டர் நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கக் கூடாது. முன்பணமும் கட்ட வேண்டாம். ஜனவரியில் இது இருந்திருந்தால் அந்த இரண்டாவது நோட்டு உடைந்திருக்காது.

ஆறாம் மாதம் வந்த பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. சர்க்கரைக் கரைசல் குடிக்க வைத்து மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய் அதிகமுள்ள தீவு. நம் வம்சத்தைச் சொன்னதுமே சாஜ்ஃபாம் தலையாட்டினார். டொக்ஸோபிளாஸ்மோஸ் என்ற தொற்றுக்கு எனக்கு எதிர்ப்பு இல்லை என்பதால் மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை வேறு. பூனை, வேகாத இறைச்சி, மண் ஒட்டிய காய்கறி இவற்றால் வருமாம். க்ராமூன் கொடுத்த கீரையை அத்தை நான்கு தண்ணீரில் அலசினார். மே கடைசியில் கடைவாய்ப் பல் வலித்தது. பல்லுக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம், இதற்குக் காசு கேட்பார்கள் என்று பொறுத்துக்கொண்டு மூன்று இரவு விழித்தேன். ஆறாம் மாதத்திலிருந்து கர்ப்பத்தோடு சம்பந்தமில்லாத சிகிச்சைக்கும் நூற்றுக்கு நூறுதான். போதாக்குறைக்கு, நான்காம் மாதத்திலிருந்தே கர்ப்பிணிக்கு ஒரு பல் பரிசோதனை இலவசம். அதைச் செய்திருந்தால் அந்த மூன்று இரவும் மிச்சம்.

ஜூலையில் மகள் பிறந்தாள், சேன்-பெனுவா மகப்பேறு பிரிவில். இங்கே ஜூலை குளிர்காலம். அத்தை கம்பளிக் குல்லா பின்னி வைத்திருந்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது கணவர் பணப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முகப்பில் நின்றார். கட்ட ஒன்றுமில்லை என்றார்கள். தனி அறை கேட்டிருந்தால் அதற்கு நூற்றுக்கு நூறு பொருந்தியிருக்காது. நான் இன்னொரு தாயோடு இருந்தேன், அவள் இரவெல்லாம் எனக்கு கிரியோல் கற்றுக் கொடுத்தாள். பிறப்பை ஐந்து நாளுக்குள் அந்த ஊர் நகரசபையில் பதிய வேண்டும். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது கணவர் என்னைப் பார்த்தார். இரண்டு பெயரையும் சேர்த்துப் போடச் சொன்னேன். என் அப்பா பெயர் இப்போது பேத்திக்கும் உண்டு.

செ-எம்-யூவுக்கு ஓர் ஆண்டுதான் ஆயுள். முடிவதற்கு நான்கு மாதம் முன்னாலிருந்து இரண்டு மாதம் முன்னால் வரை புதுப்பிக்கக் கேட்க வேண்டும். எங்களுக்கு 2025 ஜனவரி, பிப்ரவரி. பொங்கல் முடிந்த வாரமே அனுப்பிவிட்டேன், கணவர் வழக்கம்போல் படம் எடுத்தார். பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயல் வந்தது. இந்த முறை வடக்கும் கிழக்கும் நேராக அடி வாங்கின. காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தால் மாமரம் சாய்ந்து கிடக்கிறது, தபால் பெட்டி தூணோடு காணவில்லை. செக்யூவின் பதில் வர வேண்டிய நேரம்.

தண்ணீரும் மின்சாரமும் இல்லாத அந்த மாலையில் கணவர் இன்னொரு ஐஸ்கிரீம் மூடியை வெட்டினார். மூன்று பெயரோடு மகளின் நீளமான பெயரையும் எழுதிக் கம்பிக் கதவில் கட்டினோம், கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தொங்கவிட்டோம். இரண்டு வாரம் கழித்து அந்த வாளியில்தான் கடிதம் கிடந்தது. வீட்டில் மூன்று பேர் ஆனதால் வரம்பு உயர்ந்திருந்தது. இனி 22 யூரோ கட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தது. புதுப் பெட்டி வாங்க ஏப்ரல் ஆயிற்று.